எண்களோடு தனித்திருப்பவர்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



டிஜிட்டல் அனலிட்டிக்ஸ் துறையில் தொழில் வளர்ச்சி, தோழமை என்று இரண்டு பொருள்களை அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பேச என்னால் இயலாது. இந்தத் தொழிலில் ஒருவர் எவ்வளவு வளர்கிறார் என்பது, அவர் போட்ட கணக்கை எடுத்துப் பார்த்து 'இது எப்படி வந்தது?' என்று கேட்க அவருக்கு யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இன்று நான் சொல்ல வந்தது இதுதான். ஏன் அப்படி என்பதற்கே மீதி நேரத்தைச் செலவிடப் போகிறேன்.

இந்த வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். துணிக்கடையின் இணையதளமோ, நாளிதழின் இணையப் பதிப்போ, மருத்துவமனையின் முன்பதிவுப் பக்கமோ, அங்கே வருகிறவர்கள் எந்த வழியாக வந்தார்கள், எதைப் பார்த்தார்கள், எந்த இடத்தில் மனம் மாறி வெளியேறினார்கள் என்று கணக்கிட்டு நிர்வாகத்துக்குச் சொல்பவர் அனலிஸ்ட். பக்கங்களில் 'டேக்' என்னும் சிறு நிரலைப் பதிப்பார். அது அனுப்பும் தகவலைத் திரட்டி ரிப்போர்ட் ஆக்குவார். பெரும்பாலான நிறுவனங்களில் இந்த வேலைக்கு ஒருவர் இருப்பார், மிஞ்சினால் இரண்டு பேர். சுற்றிலும் நூறு பேர் வேலை செய்தாலும், அவர் செய்வது சரியா என்று பார்க்கத் தெரிந்தவர் அந்த அலுவலகத்திலேயே இருக்கமாட்டார்.

இங்கே நேரும் தவறு சத்தம் போடாது என்பதுதான் என் கவலை. பாலத்தின் கணக்குத் தவறினால் விரிசல் கண்ணுக்குத் தெரியும். அனலிஸ்டின் கணக்குத் தவறினால் டேஷ்போர்டில் இன்னொரு எண் வரும். சரியான எண்ணைப் போலவே அதுவும் நேர்த்தியாக இருக்கும். கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பில் ஒரே டேக்கைத் தெரியாமல் ஒரு பக்கத்தில் இரண்டு முறை பதித்துவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? வந்த உடனே திரும்பிப் போகிறவர்களின் விகிதம் ஏறத்தாழப் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். ஒரே ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போனவரையும் இரண்டு பக்கம் பார்த்தவராக மென்பொருள் எண்ணிக்கொள்ளும், அவ்வளவுதான் காரணம். நிர்வாகம் மகிழும், புதிய வடிவமைப்பு வெற்றி என்று மின்னஞ்சல் பறக்கும். எண் கெட்டதாக மாறினால் எல்லோரும் தோண்டுவார்கள். நல்லதாக மாறும்போது தோண்டத்தான் இன்னொருவர் வேண்டும்.

நம் நாட்டுக்கே உரிய ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. இணையத்தில் அட்டை மூலம் பணம் செலுத்தும்போது கூடுதல் அடையாளச் சோதனை கட்டாயம் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டில் கொண்டுவந்தது. அதனால் வாங்குகிறவர் கடையின் பக்கத்தை விட்டு வங்கியின் பக்கத்துக்குப் போய், ஓடிபி கொடுத்து, திரும்பக் கடைக்கு வருவார். அமெரிக்க வாடிக்கையாளரை மனத்தில் வைத்துச் செய்த கருவிக்கு இந்தப் பயணம் தெரியாது. வங்கிப் பக்கத்திலிருந்து ஒருவர் புதிதாக வந்தார், வந்ததும் வாங்கிவிட்டார் என்று அது எழுதிக்கொள்ளும். விளம்பரத்துக்குச் செலவிட்ட பணமெல்லாம் வீண், வங்கிதான் ஆள் அனுப்புகிறது என்று ரிப்போர்ட் சொல்லும். இத்தகைய தளங்களைக் கணக்கிலிருந்து விலக்கி வைக்கக் கருவியிலேயே ஓர் அமைப்பு உண்டு. ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது, அதைத் தேட வேண்டும் என்பதே ஏற்கெனவே பட்டவர் சொன்னால்தான் தெரியவரும்.

இந்தத் துறையின் தொடக்கத்தைப் பார்த்தால், பட்டவர் மற்றவருக்குச் சொல்லும் இந்தப் பண்பு முதலிலிருந்தே இருந்திருக்கிறது. 1995இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஸ்டீபன் டர்னர் 'அனலாக்' என்ற மென்பொருளை எழுதி இலவசமாகக் கொடுத்தார். சர்வர் எழுதி வைக்கும் பதிவேட்டைப் படித்து அது ரிப்போர்ட் கொடுக்கும். என்னை ஈர்ப்பது மென்பொருளை விட அதனோடு அவர் எழுதிய விளக்கம். இணையம் எப்படி வேலை செய்கிறது என்று பொறுமையாகச் சொல்லி, சர்வர் பதிவேட்டிலிருந்து எவற்றையெல்லாம் அறிய முடியாது என்று அதில் விவரித்தார். உங்கள் தளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை உறுதியாகச் சொல்லவே முடியாது என்றார். விற்பனைக்கு வந்த மென்பொருள்களெல்லாம் அந்த எண்ணைச் சொல்வதாக வாக்களித்துக்கொண்டிருந்த காலம் அது. முதல் தலைமுறையிலேயே இப்படி ஒருவர் இருந்தது இந்தத் தொழிலுக்கு வாய்த்த பேறு என்று நினைக்கிறேன்.

அதன் பிறகுதான் ஆட்கள் ஒருவரையொருவர் தேடத் தொடங்கினார்கள். 2002இல் கலிபோர்னியாவின் சான்டா பார்பராவில் ஜிம் ஸ்டெர்ன் 'இமெட்ரிக்ஸ்' என்ற மாநாட்டைக் கூட்டினார். 2004இல் அவரும் சிலரும் சேர்ந்து வெப் அனலிட்டிக்ஸ் அசோசியேஷனைத் தொடங்கினார்கள். 2012இல் அது டிஜிட்டல் அனலிட்டிக்ஸ் அசோசியேஷன் என்று பெயர் மாற்றிக்கொண்டது. எரிக் பீட்டர்சனும் ஜூன் டெர்ஷெவிட்ஸும் 'வெப் அனலிட்டிக்ஸ் வெட்னஸ்டே' என்று புதன்கிழமை மாலைச் சந்திப்புகளைத் தொடங்கி வைத்தார்கள். எந்த ஊரிலும் யாரும் அதே பெயரில் ஒரு சந்திப்பை நடத்தலாம். மேடையும் வேண்டாம், தலைமையுரையும் வேண்டாம். தத்தம் அலுவலகத்தில் தனியாளாக இருந்தவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தங்கள் வேலையை விளக்காமலே பேச முடிந்த இடம் அது. அந்த நிம்மதி எவ்வளவு பெரியது என்பது தனியாளாக இருந்தவர்களுக்குத் தெரியும்.

2005 நவம்பரில் ஒரு பெரிய மாற்றம். சான் டியாகோவின் அர்ச்சின் நிறுவனத்தை அதே ஆண்டு வாங்கியிருந்த கூகுள், அந்தக் கருவியைக் கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற பெயரில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. கூட்டம் தாங்காமல் சில நாள்களிலேயே புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அதுவரை பணம் உள்ளவர்களிடம் மட்டும் இருந்த கருவி கடைக்கோடிக் கடைக்காரருக்கும் கிடைத்தது. அப்போது எழுந்த கேள்வி: கருவி இலவசம் என்றால் இனி எதற்குச் செலவு செய்வது?

இந்தத் துறையைப் பற்றி நூல்கள் எழுதிய அவினாஷ் கௌஷிக் 2006இல் இதற்கு ஒரு விதியாகவே பதில் சொன்னார். இந்தத் துறையில் செலவிட 100 டாலர் இருந்தால், கருவிக்கு 10 டாலர் கொடுங்கள், அதைப் படித்துப் பொருள் சொல்லத் தெரிந்த மனிதர்களுக்கு 90 டாலர் கொடுங்கள் என்பது அந்த விதி.  இந்த விதியை எல்லா மாநாடுகளிலும் மேற்கோள் காட்டுகிறார்கள். பின்பற்றும் நிறுவனங்களை நான் அதிகம் கண்டதில்லை. கருவிக்கான ரசீதை நிதித்துறையிடம் காட்டலாம். ஒருவர் மூன்று ஆண்டுகளில் கூர்மையானார் என்பதற்கு ரசீது கிடையாது.

இனி மாணவர்களுக்கு நேரடியாகத் தேவைப்படும் செய்திக்கு வருகிறேன். அனுபவம் இருந்தால்தான் வேலை, வேலை கிடைத்தால்தான் அனுபவம் என்ற பூட்டு எல்லாத் தொழிலிலும் இருக்கிறது. இங்கே அது இன்னும் இறுக்கமானது, ஏனென்றால் பழகிப் பார்க்கவே ஓர் உண்மையான தளத்தின் தகவல் வேண்டும்; எந்த நிறுவனமும் அதைத் தெரியாதவர் கையில் கொடுக்காது. 2010இல் எரிக் பீட்டர்சனும் அவரோடு இருந்தவர்களும் 'அனாலிசிஸ் எக்ஸ்சேஞ்ச்' என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். அனலிஸ்டை வைத்துக்கொள்ள வசதியில்லாத ஒரு தொண்டு நிறுவனம், வேலை கற்க விரும்பும் ஒரு மாணவர், துறையில் பழுத்த ஒரு மூத்தவர் என்று மூவரையும் ஒரு சிறு பணியில் சேர்த்துவிட்டார்கள். நிறுவனம் ஒரு கேள்வி கேட்கும். மாணவர் கணக்கைப் போட்டு விடை தேடுவார். மூத்தவர் அதைச் சரிபார்ப்பார். சில வாரங்களுக்குள் முடிந்துவிடும். யாருக்கும் யாரும் பணம் தர வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது அதன் அளவு. மூத்தவரிடம் அது கேட்டது சில மணி நேரம்தான். வாழ்நாள் முழுவதும் குருவாக இருக்கும்படி கேட்கவில்லை. மாணவரும் ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடினால் போதும். 'நன்கொடைப் பக்கம் வரை வந்தவர்கள் ஏன் கொடுக்காமல் போகிறார்கள்?' என்பது போல ஒரு கேள்வி. அந்த ஒன்றுக்குள் டேக் சரியா என்று பார்ப்பது, கைப்பேசியையும் கணினியையும் பிரித்துப் பார்ப்பது, கண்டதை ஒரு பாமரருக்குப் புரியும்படி ஒரு பக்கத்தில் எழுதுவது என்று தொழிலின் முக்கால்வாசி வந்துவிடும். சான்றிதழ்த் தேர்வுகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தேர்வில் கேள்வியைத் தயாராகக் கொடுத்துவிடுகிறார்கள். எந்தக் கேள்வியைக் கேட்பது என்று தடுமாறும் நேரத்தைத் தேர்வு சொல்லித்தராது.

2012 செப்டம்பரில் லண்டனில் பீட்டர் ஓநீல் தொடங்கிய 'மெஷர்கேம்ப்' பற்றியும் சொல்ல வேண்டும். சனிக்கிழமைகளில் நடக்கும், கட்டணம் இல்லை, முன்கூட்டியே நிகழ்ச்சி நிரலும் இல்லை. காலையில் வெற்றுப் பலகை ஒன்று இருக்கும். பேச விரும்புகிறவர் ஒரு தாளில் தலைப்பை எழுதி ஓர் அறைக்கும் நேரத்துக்கும் உரிய கட்டத்தில் ஒட்டிவிடுவார். வந்தவர் எல்லோரும் பங்கேற்பாளர்தான், பார்வையாளர் கிடையாது. உட்கார்ந்த அமர்வு பயன்படவில்லை என்றால் எழுந்து அடுத்த அறைக்குப் போகலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. பெர்லின், சிட்னி என்று பல நகரங்களுக்கு இது பரவியதற்குக் காரணம் இருக்கிறது. முன்கூட்டியே நிரல் வகுத்த மாநாட்டில் வெற்றிக் கதைகளைத்தான் சொல்வார்கள். பலகையில் தாள் ஒட்டுகிறவர் 'இது எனக்கு வரவில்லை, யாருக்காவது வந்ததா?' என்று கேட்கலாம். ஒரு தலைப்பு கேள்வியாகவே இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்ட கூட்டங்களில்தான் கற்றல் நடக்கிறது.

நிறுவனங்களுக்குள் இருக்கும் ரகசியம் இதற்கு இடம் கொடுக்குமா என்று கேட்பீர்கள். 2018 டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். இணையதளத்தின் ஒரு வடிவத்தைப் பாதிப் பேருக்கும் இன்னொன்றை மீதிப் பேருக்கும் காட்டி ஒப்பிடும் சோதனைகளைப் பெரிய அளவில் நடத்தும் 13 அமைப்புகளிலிருந்து 34 வல்லுநர்கள் கூடினார்கள். கூகுள், மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக், அமேசான், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் இருந்தன; சாலையில் ஒரே பயணிக்காக மோதிக்கொள்ளும் ஊபரும் லிஃப்டும் இருந்தன. அதற்கு முந்தைய ஓராண்டில் அந்த அமைப்புகள் எல்லாம் சேர்ந்து சோதித்துப் பார்த்த மாற்றங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவ்வளவு செய்தவர்கள் கூடித் தங்களுக்கு இன்னும் விடை தெரியாத சிக்கல்களைப் பட்டியலிட்டு, எல்லோரும் படிக்கக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அவர்கள் விற்பனை எண்களைப் பகிரவில்லை. கணக்கிடும் முறை எங்கே இடறுகிறது என்பதைப் பகிர்ந்தார்கள்.

அப்படிப் பகிர்ந்த அறிவின் ஒரு துளி: பாதிக்குப் பாதி என்று பிரித்த சோதனையில் முடிவில் ஒரு பக்கம் தற்செயல் என்று சொல்ல முடியாத அளவுக்கு ஆள் குறைந்தால், வித்தியாசம் சிறிதாகத் தெரிந்தாலும் அந்தச் சோதனையை நம்பக் கூடாது. யாரோ விடுபட்டிருக்கிறார்கள், விடுபட்டவர்கள் மற்றவர்களைப் போன்றவர்கள் அல்லர். மைக்ரோசாஃப்டிலேயே ஏறத்தாழ 6 விழுக்காடு சோதனைகளில் இந்தக் கோளாறு தென்படுவதாக அங்கிருந்த ஆய்வாளர்கள் 2019இல் எழுதினார்கள். இன்று ஒரு கல்லூரி மாணவி இந்தக் கோளாறு இருக்கிறதா என்று சில வரி நிரலில் பார்த்துவிடலாம். பெரிய நிறுவனம் தன் கோளாற்றை வெளியே சொன்னதால் அவளுக்குக் கிடைத்த கொடை அது.

இங்கே சென்னையில் என்ன நிலை? இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குக் குறைவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையின் இருபுறமும் வெளிநாட்டு நிறுவனங்களுக்காக இந்த வேலையைச் செய்கிறவர்கள் நிறைந்திருக்கிறார்கள். சென்னையிலேயே 2006இல் தொடங்கிய லேட்டன்ட்வியூ போன்ற நிறுவனங்கள் அனலிட்டிக்ஸையே தொழிலாகக் கொண்டு பங்குச் சந்தை வரை வளர்ந்திருக்கின்றன. ஆனால் பக்கத்துக் கட்டடத்தில் அதே வேலையைச் செய்பவரை நமக்குத் தெரியாது. கிளையன்ட்டின் ரகசிய ஒப்பந்தம் ஒரு காரணம். ஒப்பந்தம் தகவலைத்தான் மூடுகிறது, முறையை மூடவில்லை என்பதை நாம் யோசிப்பதில்லை. ஆங்கிலத்தில் தடங்கினால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம் இன்னொரு காரணம். தென்மாவட்டங்களிலிருந்து வந்த, கணக்கில் புலிகளான பிள்ளைகள் மீட்டிங்கில் வாய் திறக்காமல் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. அவர்களுக்குத் தெரிந்தது அந்த அறைக்கு வெளியே வருவதே இல்லை.

நாம் கூடிப் பேசாவிட்டால் வேறு யாராலும் பேச முடியாத சிக்கல்கள் இருக்கின்றன. ஒரு தமிழ் நாளிதழின் கட்டுரை முகவரியில் 'திருநெல்வேலி' என்ற சொல் இருக்கிறது என்று வையுங்கள். நமக்கு ஆறு எழுத்து. கணினிக்கு அது பன்னிரண்டு குறிகள். ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் விழுக்காட்டுக் குறியோடு சேர்த்து மூன்று இடத்தைப் பிடிக்கும். ஒரே ஊர்ப்பெயர் ரிப்போர்ட்டில் 108 குறிகள் கொண்ட புதராகத் தெரியும். அதை விளக்கித் திரும்பத் தமிழாக்கினால்தான் எந்தக் கட்டுரையைப் படித்தார்கள் என்றே தெரியும். பலகாரக் கடை ஒன்றின் தேடல் பட்டியலை எடுத்தால் தேன்குழலைத் தமிழில் ஒருவர், ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாக மற்றவர்கள் எழுதியிருப்பார்கள். கருவி அவற்றைத் தனித்தனிப் பண்டமாக எண்ணி, ஒவ்வொன்றையும் பட்டியலின் அடியில் தள்ளிவிடும். அதிகம் தேடப்பட்ட பண்டம் கண்ணில் படாமலே போகும். தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31. நவம்பரை நவம்பரோடு ஒப்பிடும் ரிப்போர்ட் ஜவுளிக்கடை சரிந்துவிட்டதாகச் சொல்லும். வீட்டில் ஒரே கைப்பேசியை அம்மா, பிள்ளை, பாட்டி மூவரும் பயன்படுத்தினால் மூன்று பேரும் ஒருவரே. இவற்றுக்கான தீர்வுகள் தனித்தனி ஆட்களின் கணினிகளில் கிடக்கின்றன, ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரியாமல் அதையே மீண்டும் கண்டுபிடிக்கிறோம்.

கூடிக் கற்பது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு 1998 முதல் இயங்குகிறது. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஐஐடி வளாகத்தில் கூடும் வழக்கத்தைப் பல ஆண்டுகள் காத்தார்கள். காஞ்சிபுரத்திலும் அப்படி ஒரு குழு வளர்ந்தது. 2012இல் தொடங்கிய 'கணியம்' இதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதிக் குவித்தது. அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்த மாணவர்கள் பலர் இன்று நல்ல பொறியாளர்கள். அனலிட்டிக்ஸுக்கு அப்படி ஒன்று வேண்டும் என்பதே என் விருப்பம்.

கருவியைக் கற்றுக்கொண்டால் போதாதா என்று நினைப்பவர்கள் 2023 ஜூலை 1ஐ நினைத்துப் பாருங்கள். அன்றோடு கூகுள் தன் பழைய அனலிட்டிக்ஸில் தகவல் சேர்ப்பதை நிறுத்தியது. எந்தப் பட்டனை எங்கே அழுத்துவது என்று ஆண்டுக்கணக்கில் பழகியவர்களின் பழக்கம் ஒரே நாளில் காலாவதியானது. புதிய பதிப்பில் எண் ஏன் மாறுகிறது என்று நண்பர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் மாற்றத்தைச் சீக்கிரம் கடந்தார்கள்.

நாம் கூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதுவே எனக்கு மிக முக்கியம். 2023 ஆகஸ்டில் இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் நடத்தையைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும், சில விலக்குகள் நீங்கலாக, அது தடை செய்கிறது. குழந்தைகள் பயன்படுத்தும் ஒரு செயலியில் எல்லாவற்றையும் டேக் செய் என்று மேலிடம் சொன்னால், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான அனலிஸ்ட் என்ன செய்வார்? தனியாளாக இருந்தால் செய்துவிடுவார். முன்பு சொன்ன வெப் அனலிட்டிக்ஸ் அசோசியேஷன் அனலிஸ்டுகளுக்கென்று ஒரு நெறிமுறைக் கோவை எழுதியது. தனியுரிமையையும் ஒளிவுமறைவின்மையையும் அது முதலில் வைத்தது. 'எங்கள் தொழிலில் இதைச் செய்வதில்லை' என்று சொல்ல, 'எங்கள்' என்று ஒன்று இருக்க வேண்டும். அப்படிச் சொல்லும் துணிவை ஓர் இளைஞரிடம் எதிர்பார்க்கும் நாம், அவர் சாய்ந்து நிற்க ஒரு தோளையாவது தர வேண்டாமா?

அதே சட்டம், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. தமிழ் அதில் இருக்கிறது. குக்கி என்றால் என்ன, எதைச் சேமிக்கிறோம், யாரிடம் கொடுக்கிறோம், எப்படி மறுக்கலாம் என்று ஒரு மளிகைக்கடை அண்ணாச்சிக்கும் புரியும் தமிழில் அதை எழுதப்போவது யார்? வழக்கறிஞருக்குச் சட்டம் தெரியும், மொழிபெயர்ப்பாளருக்கு மொழி தெரியும். அந்த டேக் உண்மையில் என்ன செய்கிறது என்பது அனலிஸ்டுக்குத்தான் தெரியும்.

ஆகவே, இந்தக் கல்லூரியிலிருந்தே தொடங்கலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அனாலிசிஸ் எக்ஸ்சேஞ்ச் செய்து காட்டிய அதே ஏற்பாடு நமக்கும் போதும். ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கமோ, சிற்றிதழோ, முதியோர் இல்லமோ தன் தளத்தைத் திறந்து தரட்டும். புள்ளியியல் துறையிலிருந்து ஒருவரும் தமிழ்த்துறையிலிருந்து ஒருவருமாக மாணவர் இருவர் உட்காரட்டும். சரிபார்க்க மூத்தவர்களை அழைத்து வருவது என் பொறுப்பு. முதல் கூட்டத்திலேயே ஓர் ஒப்புதல் அறிவிப்பைத் தமிழில் எழுதிப் பார்ப்போம்; எழுதியதைத் துறைக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம் வாசித்துக் காட்டி, எந்த வரியில் அவர் முகம் சுருங்குகிறது என்று பார்த்துத் திருத்துவோம். பெண்கள் இருட்டுவதற்குள் வீடு திரும்பும்படி கூட்டத்தைச் சனிக்கிழமை மதியம் 2 மணிக்கே வைத்துக்கொள்வது நல்லது. இரண்டாம் சனிக்கிழமையை மட்டும் விட்டுவிடுவோம்; லினக்ஸ் நண்பர்கள் சிலர் இங்கேயும் வர விரும்புவார்கள்.